களவும் கற்பும்: சங்கரதாஸ் சுவாமிகளின் இரு காதல் நாடகங்கள்

சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய நாடகங்களுள் ‘வள்ளி திருமணம்’, ‘சத்தியவான் சாவித்திரி’ ஆகிய இரண்டும் காதலை நடுப்பொருளாகக் கொண்டவை. ஒன்று மணத்துக்கு முந்திய காதலைச் சொல்கிறது. மற்றொன்று மணத்துக்குப் பின் சாவின் வாசல்வரை சென்று மீளும் காதலைச் சொல்கிறது. தொல்காப்பியத்தின் பகுப்பில் வைத்தால் முன்னது களவு, பின்னது கற்பு. இரண்டுக்கும் காடே களம். இரண்டிலும் நாரதர் வந்து கதையைத் திருப்புகிறார். இரண்டிலும் ஒரு பெண் துணையின்றி நின்று ஒரு தெய்வத்தோடு வாதாடுகிறாள். அந்த வாதத்தில்தான் அவளுடைய அன்பின் உறுதி வெளிப்படுகிறது. காதலின் இரு பாதிகளையும் ஒரே ஆசிரியர் தர்க்கம் என்னும் ஒரே கருவியால் எப்படிக் கையாண்டார் என்பது இவ்விரு நாடகங்களையும் அருகருகே வைக்கும்போது புலப்படும்.

இந்த ஒப்பீட்டுக்குப் போடிநாயக்கனூர் வட்டாரம் பொருத்தமான நிலம். ஏலமலைச் சரிவின் அடிவாரத்தில் உள்ள போடி, 1996-இல் தேனி மாவட்டம் பிரியும்வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். சுவாமிகள் தம் இறுதிக் காலப் பணிக்குத் தேர்ந்தெடுத்த நகரமும் மதுரைதான். அவர் நாடகங்களை விடிய விடிய ஆடும் மரபு மதுரை, தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரங்களின் கோயில் திருவிழாக்களில் நிலைத்திருக்கிறது. தினைப்புனமும் பரணும் சுனையும் யானைத் தடமும் போடி மலையடிவாரத்து மக்களுக்குக் கேள்விப்பட்ட பொருள்கள் அல்ல, கண்ணால் கண்டவை. ஆகவே வள்ளியின் கதை இங்கே ஊர்க்கதைபோல ஒலிக்கிறது. சாவித்திரியின் கதை வெளியிலிருந்து வந்து, இந்த மண்ணின் கற்பு மரபோடு சேர்ந்துகொள்கிறது.

ஆசிரியரும் அவர் மேடையும்

சுவாமிகள் 1867-இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் இலக்கண இலக்கியம் கற்றார். உப்பளத்தில் கணக்கராகச் சிறிது காலம் பணியாற்றிய பின் இருபத்து நான்காம் வயதில் நாடகத்துறைக்கு வந்தார். தொடக்கத்தில் நடிகர். இரணியன், இராவணன், சனீஸ்வரன், எமன் போன்ற அச்சமூட்டும் பாத்திரங்களில் பெயர் பெற்றார். எமனாக அவர் தோன்றிய காட்சியைக் கண்டு பெண்கள் நடுங்கினார்கள் என்றும், அதனால் நேர்ந்த துயரங்களே அவர் வேடம் கட்டுவதை விட்டதற்குக் காரணம் என்றும் நாடக உலகில் ஒரு செய்தி வழங்குகிறது. சாவித்திரி நாடகத்தில் எமனுக்குக் கிடைத்திருக்கும் கனத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி உதவும். அந்தப் பாத்திரத்தின் குரலைத் தம் தொண்டையிலேயே கண்டவர் அதன் ஆசிரியர்.

அவர் துறைக்கு வந்த காலத்தில் தமிழ் நாடகம் பெரும்பாலும் பாட்டாலும் நடிகர் அப்போதைக்கப்போது பேசிக்கொள்ளும் பேச்சாலும் நடந்தது. சுவாமிகள் அதற்கு உறுதியான பாடம் எழுதிக் கொடுத்தார். வெண்பா, விருத்தம், சந்தப் பாடல், சிந்து, கீர்த்தனை, உரையாடல் ஆகியவை ஓர் ஒழுங்கில் அமைந்தன. திருக்குறளும் நீதிநூல்களும் பாத்திரங்களின் வாயில் புகுந்தன. அவர் பெயரில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் வழங்குகின்றன. அதே காலத்தில் சென்னையில் பம்மல் சம்பந்தனார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்த நகரத்தாருக்கான உரைநடை நாடகத்தை வளர்த்துவந்தார். சுவாமிகளின் பாட்டு நாடகம் தென் மாவட்டங்களின் சிற்றூர்களுக்குப் பரவியது.

1918-இல் மதுரையில் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். தி. க. சண்முகமும் அவருடைய சகோதரர்களும் அங்கே சிறுவர்களாகச் சேர்ந்து பயின்றவர்கள். சுவாமிகள் ஒரே இரவில் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை எழுதி முடித்ததைச் சண்முகம் தம் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். பாலர் சபைகளில் பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். வள்ளியும் சாவித்திரியும் தெய்வங்களோடு வாதாடிய குரல் அங்கே பையன்களின் குரலாகவே ஒலித்தது. பெண்களே ஸ்திரீபார்ட்டாக, அதாவது பெண் வேடக் கலைஞராக, நிலைபெற்றபோது அதே வரிகளின் எடை கூடியது. சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார்.

இரண்டு மூலங்கள்

வள்ளியின் கதைக்குத் தமிழில் நீண்ட வேர் உண்டு. பரிபாடலின் 9-ஆம் பாடல், தெய்வயானையின் மணத்தோடு வள்ளியின் களவு மணத்தை ஒப்பிட்டு, களவைத் தமிழ்ப் பொருள் மரபின் சிறப்பாகவே பேசுகிறது. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் வள்ளியம்மை திருமணப் படலத்தோடு முடிகிறது. சூரபதுமனை வென்றபின் திருப்பரங்குன்றத்தில் தெய்வயானையோடு நடக்கும் மணம் இந்திரன் தன் நன்றியாகச் செய்து வைத்தது. வள்ளியின் மணமோ முருகன் தானே நாடிச் சென்று, கெஞ்சி, வேடமிட்டுப் பெற்றது. புராணம் இதை வடதமிழகத்து வள்ளிமலையில் நடந்ததாகச் சொல்கிறது. ஆனால் மேடையில் அந்த மலைக்கு நிலையான முகவரி கிடையாது. எந்த மலையடிவாரத்தில் நாடகம் நடக்கிறதோ அந்த மலையே வள்ளியின் வளர்ப்புத் தந்தை நம்பிராசனின் மலை.

சாவித்திரியின் கதை மகாபாரதத்தின் வனபர்வத்தில் ஒரு கிளைக்கதை. மத்திர நாட்டு மன்னன் அசுவபதியின் மகள் தானே புறப்பட்டுச் சென்று கணவனைத் தேடுகிறாள். பார்வையும் நாடும் இழந்து காட்டில் வாழும் துயுமத்சேனனின் மகன் சத்தியவானைத் தேர்ந்தெடுக்கிறாள். அவன் ஓராண்டில் இறப்பான் என்று தெரிந்தும் மணக்கிறாள். குறித்த நாளில் எமன் வருகிறான். அவள் பின்தொடர்ந்து பேசி, வரங்கள் பெற்று, கடைசியில் கணவன் உயிரை மீட்கிறாள். தமிழகத்தில் இக்கதை காரடையான் நோன்பின் வழியாகச் சில குடும்பங்களில் வீட்டு வழிபாடாக இருந்தது. ஊர் மந்தையில் எல்லாரும் அமர்ந்து கேட்கும் பொதுக்கதையாக அதை ஆக்கியதில் நாடக மேடைக்குப் பெரும் பங்கு உண்டு.

இரு மூலங்களும் இந்த அளவுக்கு வேறுபட்டிருப்பது ஒப்பீட்டுக்கு முக்கியம். ஒன்று அகத்திணை மரபிலிருந்து புராணத்துக்குள் வந்த கதை. மற்றொன்று இதிகாசத்திலிருந்து தமிழ் மேடைக்கு வந்த கதை. முன்னதில் சுவாமிகளுக்குத் தமிழ்க் காதல் மரபின் துறைகள் ஆயத்தமாகக் கிடைத்தன. பின்னதில் அறநூலின் வாதம் ஆயத்தமாகக் கிடைத்தது.

தினைப்புனமும் குறிஞ்சித் துறைகளும்

‘வள்ளி திருமண’த்தின் காட்சிகள் குறிஞ்சித் திணையின் துறைகளை ஒன்றன்பின் ஒன்றாக மேடையேற்றுகின்றன. தலைவி தினைப்புனம் காக்கிறாள். பரண்மீது நின்று கவண் வீசி ஆலோலம் பாடிக் கிளி ஓட்டுகிறாள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் கிளி கடிவதும் இதே செயல்தான். அங்கே அயலான் ஒருவன் வேட்டைக் கோலத்தில் வந்து, தப்பிப்போன விலங்கைப் பற்றிக் கேட்கிறான். அகப்பொருள் மரபு இதைக் கெடுதி வினாதல் என்று சொல்லும். நாடகத்தில் வேடனாக வரும் முருகனும் மான் ஒன்று இப்பக்கம் வந்ததா என்றே பேச்சைத் தொடங்குகிறான். அவன் மானுக்குச் சொல்லும் அடையாளங்கள் மெல்ல மெல்ல அவளுக்கே பொருந்திவருகின்றன. பாட்டின் சுவை அந்த இரட்டைப் பொருளில்தான் இருக்கிறது. அவளுக்குப் பொருள் எந்த இடத்தில் பிடிபடுகிறது என்பதைக் காண அவை காத்திருக்கிறது.

அடுத்து வேங்கை. நம்பிராசன் வரும் அரவம் கேட்டதும் முருகன் வேங்கை மரமாகி நிற்கிறான். சங்கப் பாடல்களில் வேங்கை பூத்தால் தினை கொய்யும் காலம் வந்தது என்று பொருள். தினை கொய்துவிட்டால் புனங்காவல் முடியும். புனங்காவல் முடிந்தால் தலைவி வீட்டுக்குள் அடைக்கப்படுவாள். பிறகு மணம் ஒன்றே வழி. வேங்கையைக் காலம் சொல்லும் கணி என்றே புலவர்கள் கண்டனர். காதலன் ஒளிந்துகொள்ள எத்தனையோ மரங்கள் இருக்க, களவு முடியும் நாளை அறிவிக்கும் மரமாகவே அவன் நிற்பதில் பழைய குறிஞ்சியின் நினைவு தங்கியிருக்கிறது.

பின்பு யானை. கிழவனாக வந்து தேனும் தினைமாவும் உண்டு, சுனை நீர் குடித்து, காதலும் கேட்கும் முருகனை வள்ளி எள்ளி நகையாடுகிறாள். அவன் அண்ணனை நினைக்க, விநாயகர் யானையாக வருகிறார். அஞ்சிய வள்ளி கிழவனைத் தழுவிக்கொள்கிறாள். இதுவும் அகமரபில் பெயரிட்டுச் சொல்லப்பட்ட துறை. களிறுதரு புணர்ச்சி என்பது அதன் பெயர். குறிஞ்சிப்பாட்டிலும் யானை கண்டு அஞ்சும் இடமே தலைவனும் தலைவியும் நெருங்கும் இடம். புராணம் யானைக்குக் கடவுள் முகம் கொடுத்தது. சுவாமிகளின் மேடை அந்த அச்சத்துக்கும் சிரிப்புக்கும் இடம் கொடுத்தது.

போடி மலையடிவாரத்தில் இந்தக் காட்சிகளுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. குரங்கணி, கொட்டகுடி, அகமலைப் பகுதிகளில் ஏலமும் காப்பியும் மிளகும் நிறைந்திருந்தாலும், முதுவர் போன்ற மலைக்குடியினர் தினையும் கேழ்வரகும் விதைத்து வாழ்ந்த நினைவு அங்கே அழியவில்லை. யானைக்கும் பன்றிக்கும் பயந்து இரவில் விழித்திருந்து வெள்ளாமை காப்பது அடிவாரத்து உழவர்களுக்கு இன்றும் உள்ள வேலை. விடியுமுன்னே ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள், மலையில் தனித்து உழைக்கும் பெண்ணின் நிலையை உடலால் அறிந்தவர்கள். இம்மாவட்டத்தின் ஆண்டிபட்டி மலையடிவாரத்தில் உள்ள மாவூற்று வேலப்பர் கோயிலின் தலவரலாறு, வள்ளிக்கிழங்கு தோண்டிய பளியர்களுக்கு முருகன் வெளிப்பட்டதாகச் சொல்கிறது. வள்ளிக்கிழங்குக் குழியில் கிடைத்த குழந்தைக்கு வள்ளி என்று பெயர் வந்த கதையும் இந்தக் கோயில் கதையும் ஒரே மண்ணில் விளைந்தவை.

‘சத்தியவான் சாவித்திரி’யின் காடு வேறு வகை. அங்கே விளைச்சல் கிடையாது, காவலும் கிடையாது. விறகு வெட்டவும் கனி பறிக்கவும் போகும் காடு அது. நாடிழந்தவர்கள் ஒதுங்கி வாழும் காடு. அரண்மனையில் வளர்ந்தவள் அதைத் தானே தேர்ந்து வருகிறாள். வள்ளிக்குக் காடு பிறந்த வீடு. சாவித்திரிக்குப் புகுந்த வீடு. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே இரு நாயகியரின் பேச்சும் பிரிகிறது. வள்ளி தன் எல்லைக்குள் வந்த அயலானை விரட்டும் உரிமையோடு பேசுகிறாள். சாவித்திரி தனக்கு உரிமையில்லாத எல்லைக்குள், சாவின் வழியில், நடந்துகொண்டே பேசுகிறாள்.

நாரதரின் இரு தூதுகள்

இரண்டு நாடகங்களிலும் கதையைத் தொடக்கி வைப்பவர் நாரதர். வள்ளியின் அழகையும் குணத்தையும் புனத்தில் கண்டு, முருகனிடம் போய்ச் சொல்லி, காதலை மூட்டுகிறார். சாவித்திரியின் கதையில் அவர் காதலைத் தடுக்கும் செய்தியோடு வருகிறார். அவள் தேர்ந்தவன் எல்லாக் குணமும் உள்ளவன். ஆனால் ஆயுள் ஓராண்டுதான். அசுவபதி வேறொருவனைத் தேடச் சொல்கிறான். மகள் மறுக்கிறாள், ஒருமுறை மனத்தில் வரித்தபின் மாற்றம் இல்லை என்கிறாள்.

இந்த இரு தூதுகளும் காதலின் இரு சோதனைகள். வள்ளியிடம் நாரதர் கேட்பது அவள் மனத்தில் யார் இருக்கிறார்கள் என்பது. சாவித்திரியிடம் அவர் செய்தி கேட்பது, மனத்தில் இருப்பவனை இழக்க நேரும் என்று தெரிந்தும் அவன் வேண்டுமா என்பது. முதற் கேள்விக்கு விடை ஓர் இரவு முழுதும் மறைந்து மறைந்து வெளிப்படுகிறது. இரண்டாம் கேள்விக்கு விடை உடனே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நாடகம் முழுவதும் அந்த விடையின் விலையைக் கொடுப்பதுதான்.

மேடையில் நாரதர் பாத்திரத்துக்கு இருந்த மதிப்பைத் திரைப்படமும் ஏற்றுக்கொண்டது. 1941-இல் வெளிவந்த ‘சாவித்திரி’ படத்தில் சாந்தா ஆப்தே சாவித்திரியாக நடிக்க, நாரதராக எம். எஸ். சுப்புலட்சுமி நடித்தார். இசையால் பேசும் பாத்திரம் என்பதால் ஆண் வேடம் ஒரு பாடகிக்குப் போனது.

தர்க்கம்: காதலின் உரைகல்

சுவாமிகளின் நாடகங்களில் அவை மிகவும் எதிர்பார்க்கும் பகுதி தர்க்கம். இருவர் எதிரெதிரே நின்று, பாட்டாலும் பேச்சாலும் ஒருவர் கேள்வியை மற்றவர் மடக்குவது அது. ‘வள்ளி திருமண’த்தில் இரண்டு தர்க்கங்கள் உண்டு. முதலாவது நாரதருக்கும் வள்ளிக்கும். இரண்டாவது வேடனாக வந்த முருகனாகிய வேலனுக்கும் வள்ளிக்கும். முதலாவதில் துறவும் இல்லறமும், ஆண்மையும் பெண்மையும், கல்வியும் குலமும் பேசப்படுகின்றன. இரண்டாவதில் ஆசை நேராகவே பேசுகிறது. வேடன் நெருங்க நெருங்க வள்ளி விலகுகிறாள். தன் குலம் தாழ்ந்தது, தன் உறவினர் கொடியவர், அவர்கள் கண்டால் உயிர் தப்பாது என்று ஒவ்வொரு வேலியாக எழுப்புகிறாள். அவன் ஒவ்வொரு வேலியையும் சொல்லால் தாண்டுகிறான்.

இங்கே கவனிக்க வேண்டியது, வள்ளி முருகனை விரும்பாதவள் அல்லள் என்பது. அவள் மனத்தில் ஏற்கெனவே முருகன்தான் இருக்கிறான். எதிரே நிற்பவன் அவனே என்பது அவளுக்குத் தெரியாது, அவைக்குத் தெரியும். ஆகவே அவள் வேடனை மறுக்கும் ஒவ்வொரு சொல்லும் முருகன்மேல் அவள் வைத்த அன்புக்குச் சான்றாகிறது. மறுப்பு வலுக்க வலுக்கக் காதலின் உறுதியும் வலுக்கிறது. தன்னை மறுப்பதைக் கேட்டுத் தன்மேல் உள்ள அன்பை அளக்கிறான் வேலன். அதனால்தான் வள்ளியின் பதில் கூர்மையாக இருக்கும்போதெல்லாம் அவை ஆரவாரிக்கிறது. கடவுள் தோற்கும் இடம் அவைக்கு இன்பமான இடம்.

சாவித்திரியின் தர்க்கம் வேறு அமைப்பு உடையது. எமன் மாறுவேடம் இடுவதில்லை. பாசக்கயிற்றோடு தான் யார் என்று சொல்லியே வருகிறான். அவளும் மறைப்பதில்லை, கணவனை விட்டுத் திரும்ப முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறாள். இருவரில் யாருக்கும் ஒளிக்க ஒன்றுமில்லாத நிலையில் வாதம் அறத்தின் மேல் எழுகிறது. மகாபாரதக் கதையில் அவள் முதலில் நட்பைப் பற்றிப் பேசுகிறாள்: ஏழடி சேர்ந்து நடந்தவர் நண்பர், எனவே எமனும் தனக்கு நண்பன். அடுத்துச் சான்றோர் தொடர்பு, பிறகு அறத்தின் காவலனாக எமனுக்கு உள்ள பெயர். ஒவ்வொரு பேச்சிலும் மகிழ்ந்து, கணவன் உயிர் தவிர எதையும் கேள் என்று அவன் வரம் தருகிறான். மாமனாருக்குப் பார்வை, இழந்த நாடு, தன் தந்தைக்கு மக்கள் என்று கேட்டவள், இறுதியில் சத்தியவானால் தனக்கு நூறு மக்கள் வேண்டும் என்கிறாள். எமன் இசைகிறான், இசைந்த சொல்லே அவனைக் கட்டுகிறது. கணவனின்றி அந்த வரம் பலிக்காது. அறத்தின் தலைவன் தன் சொல்லைப் பொய்யாக்க முடியாது.

இரண்டு தர்க்கங்களின் திசையும் நேர் எதிர். வள்ளியின் தர்க்கத்தில் தெய்வம் கேட்கிறது, பெண் மறுக்கிறாள். சாவித்திரியின் தர்க்கத்தில் பெண் கேட்கிறாள், தெய்வம் மறுக்கிறது. முன்னதில் அவள் வேலி கட்டுகிறாள். பின்னதில் அவள் படி ஏறுகிறாள். வேலியை எத்தனை சுற்று வேண்டுமானாலும் கட்டலாம். அதனால் வள்ளி தர்க்கம் நடிகரின் திறனுக்கேற்ப மணிக்கணக்கில் நீளும். படிகளுக்கோ எண்ணிக்கை உண்டு. சாவித்திரி தர்க்கம் ஒவ்வொரு வரமாக உயர்ந்து ஓரிடத்தில் முடிந்தே தீரும். முன்னதன் இன்பம் நீட்சியில் இருக்கிறது; பின்னதன் இன்பம் இறுக்கத்தில் இருக்கிறது.

இரு நாடகங்களும் கூடும் இடம் ஒன்றுண்டு. பெண்ணின் சொல் வலிமைக்கு அஞ்சி ஒதுங்குகிற ஆண் அங்கே இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டு மகிழ்கிற தெய்வமே இருக்கிறது. வேலன் வள்ளியின் மறுமொழிகளை ரசிக்கிறான். எமன் சாவித்திரியின் பேச்சைப் பாராட்டியே வரம் தருகிறான். சுவாமிகளின் மேடையில் அன்புக்குத் தகுதி பெறும் வழி அழகோடு முடிவதில்லை. நன்றாகப் பேசத் தெரிந்தவளே அன்பை வெல்கிறாள்.

காதலன், கணவன்

ஆண் பாத்திரங்களில் வேறுபாடு இன்னும் பெரிது. ‘வள்ளி திருமண’த்தின் முருகன் முழு நேரமும் இயங்குகிறான்: வேடன், வேங்கை, கிழவன், இறுதியில் வேலன். காதலிக்காகத் தன் பெருமையை ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறான். கடவுள் என்று சொல்லிக் கேட்டால் வள்ளி உடனே இசைந்திருப்பாள். அந்த எளிய வழியை அவன் எடுக்கவில்லை. பதவி தெரியாமல் கிடைக்கும் அன்பே அவனுக்கு வேண்டும். நாடகத்தின் நகைச்சுவை முழுதும் இந்த இறக்கத்திலிருந்து பிறக்கிறது.

சத்தியவானோ தன் சாவைப் பற்றி ஒன்றும் அறியாதவன். நாரதர் சொன்னதைச் சாவித்திரி அவனிடம் சொல்வதில்லை. ஓராண்டு முழுதும் அவள் நாட்களை எண்ணியபடி சிரித்து வாழ்கிறாள். கடைசி மூன்று இரவுகள் நோன்பிருக்கிறாள். அவளுடைய காதலின் பெரும்பகுதி இந்த மௌனத்தில் நடக்கிறது. தலைவலி என்று அவள் மடியில் தலை சாய்த்தவன் உயிர் மீளும்வரை பேசுவதில்லை. ஆகவே ‘சத்தியவான் சாவித்திரி’யில் காதலர் இருவரும் எதிரெதிரே நின்று பேசும் பேச்சு உச்சக் காட்சியில் இல்லை. அந்த இடத்தை எமன் எடுத்துக்கொள்கிறான். வள்ளியின் நாடகத்தில் காதலனும் எதிர்வாதியும் ஒருவனே. சாவித்திரியின் நாடகத்தில் அவர்கள் இருவர். ஒரே ஆளாக இருக்கும்போது தர்க்கம் விளையாட்டாகிறது. இரண்டு ஆளாகப் பிரியும்போது தர்க்கம் போராகிறது.

இறந்தவர் எழும் முடிவு

இரு கதைகளின் முடிவிலும் இறந்தவர் உயிர் பெறுகின்றனர். கந்தபுராணத்தில் முருகன் வள்ளியை அழைத்துச் சென்றதும் நம்பிராசனும் வேடர்களும் துரத்திவந்து மாய்கிறார்கள். சுற்றத்தாரைக் கொன்று மணம் கொள்வது தகாது என்று நாரதர் நினைவூட்ட, முருகன் வள்ளியிடமே சொல்லி அவர்களை எழச் செய்கிறான். பின் பெற்றோர் முன்னிலையில் மணம் நடக்கிறது. உடன்போக்கு ஊரறிந்த திருமணமாக முடிகிறது, களவு கற்பாகிறது.

சாவித்திரியின் கதை தொடங்கும் இடமே கற்பு. அவள் எதிர்கொள்வது பிரிவின் கடைசி வடிவம். கணவனைக் காட்டுவழியில் இழந்து தனியே நின்று புலம்பும் பெண்ணின் நிலையைத் தொல்காப்பியம் முதுபாலை என்று காஞ்சித் திணையில் வைக்கும். சாவித்திரி நிற்கும் இடம் அதுதான். ஆனால் அவள் புலம்பி நிற்கவில்லை, நடக்கத் தொடங்குகிறாள். கணவனோடு உயிர்விடும் மூதானந்தமும் இங்கே இல்லை. அவனைத் திருப்பிக் கொண்டுவருவதே அவள் கற்பு. தேனி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், கூடலூருக்கு மேலே மங்கலதேவி மலையில் கண்ணகி கோயில் இருக்கிறது. கணவனை இழந்து நகரை எரித்தவளைச் சித்திரா பௌர்ணமி அன்று மலையேறி வணங்கும் மக்களிடையே, கணவனை மீட்டவளின் கதையும் ஆடப்படுகிறது. சுவாமிகள் ‘கோவலன்’ நாடகமும் எழுதியவர் என்பதால், அவர் மேடையில் கற்பின் இரு முகங்களும் அடுத்தடுத்த இரவுகளில் தோன்ற முடிந்தது.

உயிர்ப்பிக்கும் ஆற்றல் இருவரிடமும் இருந்தாலும் அது யாருக்காகச் செலவாகிறது என்பதில் வேறுபாடு உண்டு. வள்ளி தன் பிறந்த வீட்டாரை எழுப்புகிறாள். காதலுக்காக அறுந்த உறவை ஒட்டுகிறாள். சாவித்திரி கணவனை எழுப்புவதோடு மாமனாரின் பார்வையையும் நாட்டையும் தந்தையின் குலத்தையும் மீட்கிறாள். இரண்டு நாடகங்களிலும் இருவரின் காதல் தனித்து நிறைவு பெறுவதில்லை. இரு பக்கத்துச் சுற்றமும் கூடிய பிறகே மங்களம் பாடப்படுகிறது. குடும்பத்தோடு வந்து பாயில் அமர்ந்து பார்க்கும் ஊர் அவைக்கு இந்த முடிவு ஏற்றது.

மேடையில் இரண்டின் வாழ்வு

சுவாமிகளுக்குப் பின் நாடகக் குழுக்கள் பல கலைந்து, ஸ்பெஷல் நாடகம் என்னும் முறை வலுப்பெற்றது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொரு கலைஞரும் தனித்தனியே பேசி அழைக்கப்படுகிறார்கள். ஒத்திகை கிடையாது. முன்பின் சேர்ந்து நடிக்காதவர்கள் இரவு மேடையில்தான் சந்திக்கிறார்கள். இது நடப்பதற்குக் காரணம், சுவாமிகளின் பாடம் எல்லாருக்கும் பொதுவாக மனப்பாடமாக இருப்பது. வள்ளி ஒரு பாட்டை எடுத்தால் அதற்கு வேலன் எந்தப் பாட்டால் விடை சொல்ல வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். அந்த வரம்புக்குள் நின்றபடி புதுக் கேள்விகளைப் போடுவது அவரவர் திறமை.

இந்த முறையில் மிகுதியாக ஆடப்படுவது ‘வள்ளி திருமணம்’. அதற்குரிய காரணங்கள் நாடகத்தின் அமைப்பிலேயே உள்ளன. பாத்திரங்கள் சில, உடை, திரை, கருவி எளியவை, தர்க்கம் நீட்டவும் குறுக்கவும் இடம் தரும். முடிவு தெய்வத் திருமணம் ஆதலால் கோயில் விழாவுக்கு மங்கலமானது. முருகன் கோயில் உள்ள ஊர்களில் அது வழிபாட்டின் பகுதியாகவும் கொள்ளப்படுகிறது. போடியைச் சுற்றி முருக வழிபாடு ஆழமாக வேரூன்றிய மலையடிவாரத்தில் இதற்கு மற்ற நாடகங்களைவிட இயல்பான இடம் உண்டு. ‘சத்தியவான் சாவித்திரி’க்கு எமனாக நிற்கக் கனத்த குரலும் தோற்றமும் உடைய நடிகர் வேண்டும், சாவித்திரியாக வருபவர் துயரத்தையும் வாதத்தையும் ஒருசேரத் தாங்க வேண்டும். அது ‘வள்ளி திருமண’த்தைவிடக் குறைவாக ஆடப்படுவதற்கும், ஆடும்போது அவை அடங்கிக் கேட்பதற்கும் இதுவே காரணம்.

வள்ளியின் செல்வாக்கு திரைக்கும் சென்றது. 1933-இல் ‘வள்ளி திருமணம்’ டி. பி. ராஜலட்சுமி நடிப்பில் படமாயிற்று. 1945-இல் ஏவி. மெய்யப்ப செட்டியாரின் ‘ஸ்ரீவள்ளி’யில் முருகனாக நடித்த டி. ஆர். மகாலிங்கம், மதுரைக்கு அருகே சோழவந்தான் தென்கரையைச் சேர்ந்த நாடக நடிகர். அதற்கு முன்பே எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் வேலனாகவும் வள்ளியாகவும் பாடிய தர்க்கம் தமிழகத்திலும் இலங்கையிலும் புகழ் பெற்றிருந்தது. மேடையில் வாதாடியவர்கள் வாழ்விலும் இணைந்தனர் என்பதால் அந்தப் பாடல்களுக்கு அவை கூடுதல் பொருள் கொண்டது. இசைத்தட்டும் திரையும் பாட்டுகளைத் தனித்தனியே பிரித்துக் கொடுத்தன. கேள்வியும் விடையுமாக அவற்றை மீண்டும் கோத்துத் தரும் இடமாக இன்றும் இருப்பது ஊர்த் திருவிழா மேடை.

அந்த மேடையில் இரு நாடகங்களும் விடியும் நேரத்தில்தான் முடிகின்றன. மலைக்குப் பின்னால் வெளிச்சம் எழும்போது வள்ளிக்கு மாலை விழுகிறது. மற்றோர் இரவின் முடிவில் சத்தியவான் கண் திறக்கிறான். இரவு முழுதும் கேட்டது ஒரு பெண்ணின் வாதம். முதலாவதில் அவள் தன் மனத்தைக் காக்க வாதாடினாள். இரண்டாவதில் தன் துணையைக் காக்க வாதாடினாள். களவுக்கும் கற்புக்கும் பொதுவான குணமாகச் சுவாமிகள் கண்டது இந்தக் காவல்தான். தினைக்குக் காவல் நின்றவளையும் உயிருக்குக் காவல் நடந்தவளையும் அவர் ஒரே தமிழில் பேச வைத்தார்.